கட்டம் சமம், பொழுது சமமா?

நள்ளிரவு கடந்துவிட்டது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டுக்கு வந்த தொழிலாளி, இமையை அழுத்தும் தூக்கத்தை ஒரு கிளாஸ் தேநீரால் விரட்டிவிட்டு மறுபடியும் லேத்துக்கு முன்னே போய் நிற்கிற நேரம். ஊர் உறங்குகிறது, உழைக்கிறவர் உறங்கவில்லை.

அப்படிப்பட்ட ஒரு நேரத்தில்தான், தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலுள்ள பாடியைச் சேர்ந்த பதினாறு வயது மாணவர் ஒருவர் கம்ப்யூட்டர்த் திரைக்கு முன்னே விழித்திருந்தார். திரைக்கு அப்பால், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், உட்கார்ந்திருந்தவர் உலகச் சதுரங்கச் சாம்பியன், நார்வே நாட்டு மாக்னஸ் கார்ல்சன். முப்பத்தொன்பது நகர்த்தல். கறுப்புக் காய்களோடு ஆடிய மாணவர் வென்றார். உலகச் சாம்பியன் தோற்றார்!

2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 21. ஞாயிறு மறைந்து திங்கள் பிறந்துவிட்ட அதிகாலை. மாணவரின் பெயர் பிரக்ஞானந்தா. கூட்டுறவு வங்கி ஊழியர் ஒருவரின் மகன். ஆட்டம் முடிந்ததும், 'இதை எப்படிக் கொண்டாடப் போகிறாய்?' என்று கேட்டார்கள். போய்ப் படுக்க வேண்டும் என்றார் அவர். மணி அதிகாலை இரண்டரை!

மறுநாள் பத்திரிகைகள் கொண்டாடின. தலைவர்கள் வாழ்த்தினர். நாமும் வாழ்த்துகிறோம். மிகைப்படுத்தாமலே வாழ்த்துகிறோம். கார்ல்சன் அப்போதுதான் கொரோனா நோயிலிருந்து தேறியிருந்தார். அன்றைய ஆட்டத்தில் அவர் பழைய கார்ல்சன் அல்லர். அதை மறைக்க வேண்டியதில்லை. பிரக்ஞானந்தாவும் அந்தப் போட்டியில் அதற்கு முன்னே ஆடிய ஏழு ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றிருந்தார்; நான்கில் தோற்றிருந்தார். நான்கு தோல்விகளைச் சுமந்துகொண்டு வந்து, எட்டாவது ஆட்டத்தில், உலகச் சாம்பியனிடம், நள்ளிரவில் வென்றாரே, அதுதான் பெருமை.

ஆனால் கைதட்டிவிட்டுக் கலைந்து போவது நம்முடைய வழக்கமல்ல. கைதட்டியவர்கள் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளை ஏன் அந்த நேரத்தில் விழித்திருந்தார்? பதினாறு வயது மாணவரின் இரவை எடுத்துக்கொண்டது யார்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் இந்தக் கட்டுரை.

பதினைந்து நிமிட யுத்தம்

சதுரங்கம் அறியாத தோழருக்கு இரண்டு வார்த்தை. அறுபத்து நான்கு கட்டம். ஆளுக்குப் பதினாறு காய். ஒரு பக்கம் கோடீசுவரர் வீட்டுப் பிள்ளை, மறுபக்கம் குடிசை வீட்டுப் பிள்ளை என்று இருந்தாலும், அவருக்கும் எட்டுச் சிப்பாய், இவருக்கும் எட்டுச் சிப்பாய். ராஜாவும் ஒன்றுதான், ராணியும் ஒன்றுதான். கட்டத்துக்குச் சாதி தெரியாது. காய்க்குச் சம்பளம் தெரியாது. இந்த ஆட்டத்தின் அழகே இதுதான்.

பழைய முறையில் ஓர் ஆட்டம் ஐந்து மணி நேரமும் ஓடும், ஆறு மணி நேரமும் ஓடும். விரைவுச் சதுரங்கம் அப்படியன்று. உலகச் சதுரங்க சம்மேளனத்தின் விதிப்படி ஆளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல், அறுபது நிமிடத்துக்குள். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நேரம் தீர்ந்துவிட்டால், ராஜா உயிரோடு நின்றாலும் ஆட்டக்காரர் தோற்றவர்தான்.

இந்த விரைவு ஆட்டம் இணையத்துக்குள் பெரும்பணத்தோடு குடியேறியது 2020-இல். காரணம் கொரோனா. உலகச் சாம்பியனோடு மோதப்போகிறவர் யார் என்று தீர்மானிக்கும் போட்டி, ரஷ்யாவின் யெகாடெரின்பர்க் நகரில் நடந்துகொண்டிருந்தது. பதினான்கு சுற்றுகளில் ஏழு முடிந்திருந்தன. விமானங்கள் நிற்கப் போகின்றன என்ற செய்தி வந்தது. மார்ச் 26-ஆம் நாள் போட்டி பாதியில் நின்றது. ஆட்டக்காரர்கள் அவசர அவசரமாக வீடு திரும்பினர். மண்டபங்கள் பூட்டப்பட்டன.

மண்டபம் பூட்டப்பட்டால் ஆட்டம் நிற்குமா? அடுத்த மாதமே, ஏப்ரல் 18-இல், கார்ல்சன் பெயரிலேயே ஓர் அழைப்புப் போட்டி தொடங்கிற்று. எட்டுப் பேர். நார்வேயிலிருந்து கார்ல்சன், அமெரிக்காவிலிருந்து நகமுராவும் கருவானாவும், சீனாவிலிருந்து டிங் லிரென், ரஷ்யாவின் நெப்போம்னியாச்சி, நெதர்லாந்தின் அனிஷ் கிரி, பிரான்சின் வாஷியே-லாக்ராவ், ஈரானில் பிறந்த இளைஞர் ஃபிரோஸ்ஜா. அவரவர் வீட்டில் அவரவர் நாற்காலி. ஆளுக்குப் பதினைந்து நிமிடம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பத்து விநாடி கூடுதல். பரிசுத் தொகை மொத்தம் 2,50,000 டாலர். மே 3-ஆம் நாள் இறுதியாட்டத்தில் நகமுராவை வென்று 70,000 டாலரைப் பெற்றார் கார்ல்சன்.

வேலை முடக்கம் வந்தபோது உலகெங்கும் கோடிக்கணக்கான தொழிலாளிகள் வீதிக்கு வந்தனர். சதுரங்க வீரர்களுக்கு மாத்திரம் வீட்டுக்குள்ளேயே வேலை வந்து சேர்ந்தது. அதன் பிறகு, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டிகள்; ஆண்டு முழுவதும் நடக்கும் தொடர்!

கதவு திறந்தது

நல்லதை நல்லதென்று முதலில் சொல்லிவிடுவோம். இணையம் ஒரு கதவைத் திறந்தது. அதை மறுப்பவர் உண்மையை மறுப்பவர்.

முன்பு ஒரு சென்னைப் பிள்ளை சதுரங்கத்தில் பெரியவர் ஆகவேண்டுமானால் என்ன பாடுபட வேண்டியிருந்தது? கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு வேண்டிய தகுதிகளைத் தேடி பிரக்ஞானந்தா சிறுபிள்ளையாகவே இத்தாலிக்குப் போனார், கிரீசுக்குப் போனார், மறுபடியும் இத்தாலிக்குப் போனார். 2018 ஜூன் மாதம், பன்னிரண்டு வயதில், பட்டம் கிடைத்தது. அந்தப் பயணங்களில் சமையல் சாமானைத் தூக்கிக்கொண்டு கூடவே போய், அயல்நாட்டு விடுதி அறைகளில் சோறும் ரசமும் வைத்துக் கொடுத்த தாயை நாடறியும். விமான டிக்கெட் ஒரு பக்கம், விசா ஒரு பக்கம், விடுதி வாடகை ஒரு பக்கம். வங்கி ஊழியர் குடும்பத்துக்கே இது மலை என்றால், லேத் பட்டறைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு? கைவண்டி இழுப்பவர் வீட்டுப் பெண்ணுக்கு?

பணம் மட்டுமா தடை? உச்சத்திலுள்ள போட்டிகள் பலவும் அழைப்புப் போட்டிகள். அழைத்தால் போகலாம். அழைக்காவிட்டால் வாசலில் நிற்கலாம். யாரை அழைப்பது என்பது அழைக்கிறவர் கையில்.

இந்த நிலையை இணையம் சற்றே அசைத்தது. 2021 ஏப்ரலில் ஹங்கேரியின் பெருமைக்குரிய ஆட்டக்காரி ஜூடித் போல்கார் பெயரில் இளையோருக்கு ஓர் இணையப் போட்டி நடந்தது. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளுமாக இருபது பேர். பத்தொன்பது ஆட்டத்தில் பதினைந்தரைப் புள்ளி எடுத்து முதலாவதாக வந்தார் பிரக்ஞானந்தா. பரிசு என்ன தெரியுமா? அந்த மாதமே பெரியவர்களின் தொடரில் ஓரிடம்! அவர் சிபாரிசைக் கொண்டு நுழையவில்லை. சீமான் வீட்டுச் சீட்டைக் காட்டி நுழையவில்லை. வென்று நுழைந்தார். விமானம் ஏறாமலே நுழைந்தார்.

ஆகவே இணைய ஆட்டத்தைப் பழிக்கும் பேச்சு நம்மிடம் இல்லை. திறந்த கதவை மூடு என்று சொல்கிறவர்கள் நாமல்லோம். திறந்த கதவு முழுவதும் திறக்கட்டும் என்கிறவர்கள் நாம்.

இரவு யாருடையது?

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம்.

2022 மே மாதம் இதே தொடரில் இன்னொரு போட்டி. மே 20-ஆம் நாள் பிரக்ஞானந்தா மறுபடியும் கார்ல்சனைச் சந்தித்தார். சமனில் முடியவேண்டிய ஆட்டம். நாற்பதாவது நகர்த்தலில் கார்ல்சன் குதிரையைத் தவறான கட்டத்தில் வைத்தார்; ஒரு செக்கில் ஆட்டம் போயிற்று. இப்படி வெல்வதில் தமக்கு விருப்பமில்லை என்று வென்றவரே சொன்னார். அது அவர் பண்பு.

பிறகு அரையிறுதி. எதிரே அனிஷ் கிரி. நான்கு ஆட்டங்கள் முடிந்தும் இருவரும் சமம். மின்னல் வேக ஆட்டத்தில் பிரக்ஞானந்தா வென்றார். மொத்தக் கணக்கு மூன்றரைக்கு இரண்டரை. இத்தொடரில் இறுதியாட்டத்தை எட்டிய முதல் இந்தியர் என்று உலகம் புகழ்ந்தது. சென்னையில் அப்போது மணி என்ன? அதிகாலை இரண்டு! காலை எட்டே முக்காலுக்கு அவர் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். பதினோராம் வகுப்புத் தேர்வு! வணிகவியல் தாள்!

கேள்வித்தாளை எழுதிவிட்டு வந்த அன்றிரவே, ஒன்பதரை மணிக்கு, இறுதியாட்டம் தொடங்கிற்று. இரண்டு இரவுகள். முதலிரவு டிங் லிரென் வென்றார். இரண்டாமிரவு பிரக்ஞானந்தா வென்று கணக்கைச் சமன் செய்தார். கடைசியில் மின்னல் ஆட்டத்தில் டிங் வென்று கோப்பையை எடுத்துச் சென்றார்.

ஏன் ஒன்பதரை மணிக்குத் தொடக்கம்? நார்வேயிலும் ஜெர்மனியிலும் அப்போது மாலை ஆறு மணி. அலுவலகம் முடிந்து, வீட்டுக்கு வந்து, கால் நீட்டி உட்கார்ந்து ஆட்டம் பார்க்க வசதியான நேரம். அமெரிக்காவில் பட்டப்பகல். பார்க்கிறவர் அங்கே, விளம்பரம் கொடுக்கிறவர் அங்கே, பரிசுப் பணம் கொடுக்கிறவர் அங்கே. ஆகவே கடிகாரமும் அங்கே!

தோல்வியடைந்தவருக்குச் சமாதானம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வென்ற டிங் லிரெனின் நிலையைப் பாருங்கள். சென்னையில் இரவு ஒன்பதரை என்றால் சீனாவில் நள்ளிரவு பன்னிரண்டு. பாடிப் பிள்ளையாவது தூங்கும் நேரத்தில் ஆடத் தொடங்கினார். டிங் லிரெனோ, ஊரார் பாதித் தூக்கம் தூங்கிய பிறகு ஆடத் தொடங்கினார்! இறுதியாட்டத்தில் ஆடிய இருவரும் ஆசியர்கள். இருவருக்கும் இரவு. ஆனால் ஆட்டமோ ஐரோப்பிய மாலையில்! ஆடுகிறவர் இருவருக்கும் பொருந்தாத பொழுதில் ஆட்டம் வைத்தவர்களின் மனதில் ஆட்டக்காரர் இருந்தாரா, பார்வையாளர் இருந்தாரா?

'இது நமக்கென்ன? சதுரங்கக்காரர் எப்போது தூங்கினால் நமக்கென்ன?' என்று ஒரு தோழர் கேட்கக்கூடும்.

நமக்கு நிறைய இருக்கிறது, தோழரே. இரவு ஷிப்டு என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். பகலில் படுத்தாலும் அது தூக்கமாவதில்லை என்பது தெரியும். விடியற்காலை மூன்று மணிக்குக் கை தடுமாறும் என்பது தெரியும். அந்தத் தடுமாற்றத்தில் விரலை இழந்தவர்களையும் நமக்குத் தெரியும். அமெரிக்க வாடிக்கையாளருக்குப் பகலாக இருக்கவேண்டும் என்பதற்காக, நம் ஊர்ப் பிள்ளைகள் கால் சென்டர்களில் இரவெல்லாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பேசுவதையும் நாம் பார்க்கிறோம். பணம் எங்கேயோ அங்கே பகல். உழைப்பு எங்கேயோ அங்கே இரவு. இது சதுரங்கத்துக்கென்று பிறந்த விதியன்று. சதுரங்கத்துக்குள்ளும் புகுந்துவிட்ட விதி.

விரைவு ஆட்டத்தில் ஒவ்வொரு விநாடியும் காய். இரு தரப்புக்கும் பதினைந்து நிமிடம் என்று விநாடி பிசகாமல் அளந்து கொடுக்கிறார்களே, அந்தப் பதினைந்து நிமிடம் ஒருவருக்கு மாலையிலும் மற்றவருக்கு நடுநிசியிலும் வந்தால், அது சமமான பதினைந்து நிமிடமா?

கம்பி அறுந்தால்

பொழுது ஒரு தடை. கம்பி மற்றொன்று.

மண்டபத்தில் ஆடும்போது மின்சாரம் போனால் இருவருக்கும் இருட்டு. நடுவர் கடிகாரத்தை நிறுத்துவார். இணையத்தில் அப்படியல்ல. என் வீட்டுக் கம்பி அறுந்தால் எனக்கு மட்டும்தான் இருட்டு. கடிகாரமோ ஓடிக்கொண்டே இருக்கும்!

2020-ஆம் ஆண்டின் நடுவில் நடந்த ஒரு போட்டியின் அரையிறுதி. கார்ல்சனும் டிங் லிரெனும் மோதினர். ஓர் ஆட்டத்தில் டிங்குக்கு இணைப்பு அறுந்தது. அவர் தோற்றதாகக் கணக்கெழுதப்பட்டது. விதி அப்படி. கார்ல்சன் என்ன செய்தார்? அடுத்த ஆட்டம் தொடங்கியதும் வேண்டுமென்றே தம் ராணியை வெட்டக் கொடுத்துவிட்டு, சில நகர்த்தல்களிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டார். கம்பி கொடுத்த புள்ளியைத் திருப்பிக் கொடுத்தார்!

இதை நாம் தலைவணங்கிப் பாராட்டுகிறோம். கார்ல்சன் நமக்கு எதிரியல்லர். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நியாயம் விதியிலிருந்து வரவில்லை. ஒரு மனிதரின் பெருந்தன்மையிலிருந்து வந்தது. முதலாளி நல்லவராக இருந்தால் போனஸ் உண்டு என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? நல்ல மனிதர் நாளைக்கு இல்லாமல் போகலாம். நல்ல விதி இருந்தால் அது நிற்கும்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் நாள் இன்னொரு பாடம் கிடைத்தது. உலக சம்மேளனம் நாடுகளுக்கிடையே நடத்திய இணைய ஒலிம்பியாடின் இறுதியாட்டம். இந்தியாவும் ரஷ்யாவும். முதல் சுற்று மூன்றுக்கு மூன்று. இரண்டாம் சுற்றில், உலகெங்கும் இணையத்தைப் பாதித்த ஒரு கோளாறால் இந்தியாவின் நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு அறுந்தது. நேரம் தீர்ந்து இருவரும் தோற்றனர். நம் அணி முறையிட்டது. சம்மேளனத் தலைவர் துவோர்கோவிச் இரு நாடுகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார்.

முறையிட ஒரு பொதுச் சம்மேளனம் இருந்தது. ஆகவே ஒரு தீர்ப்புக் கிடைத்தது. அது முறையாக அறிவிக்கப்பட்ட தீர்ப்பு. ஒருவர் மனமிரங்கிக் கொடுத்த சலுகையன்று. இந்த வித்தியாசத்தை மறக்கக்கூடாது.

அந்தத் தங்கத்தின் கதையில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆட்டம் எல்லையே இல்லாமல் நடந்தது. காய்களுக்கு விசா கேட்டவர் யாருமில்லை. ஆனால் வென்ற பதக்கங்கள் ரஷ்யாவிலிருந்து அனுப்பப்பட்டு 2020 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது, அணியின் பொறுப்பிலிருந்த சென்னைக் கிராண்ட்மாஸ்டர் ஸ்ரீநாத் நாராயணன் 6,300 ரூபாய் சுங்கவரி கட்டித்தான் அவற்றைப் பெற வேண்டியிருந்தது! நாட்டுக்கு வாங்கிய தங்கத்துக்கு நாட்டுக்குள் நுழைய வரி! எல்லைகள் ஒழிந்துவிட்டன என்று இணையத்தைப் பார்த்துப் பாடுவோர் இதையும் ஒரு சரணமாகச் சேர்த்துக்கொள்ளட்டும்.

கூடம் யாருக்குச் சொந்தம்?

மூன்றாவது கேள்வி உடைமைக் கேள்வி.

விசுவநாதன் ஆனந்த் சிறுவனாக ஆடிப் பழகியது எங்கே? சென்னையில், சோவியத் கலாசார நிலையத்தில் இருந்த தால் சதுரங்கக் கழகத்தில். 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆன மானுவல் ஆரோன் போன்ற மூத்தவர்கள் அங்கே இளைஞர்களுக்கு வழிகாட்டினர். ஒரு கூடம், சில பலகைகள், சில புத்தகங்கள், சில கடிகாரங்கள். 1988-இல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அன்று சென்னைச் சதுரங்கத்துக்கு வேர் ஊன்றியது அப்படி ஒரு பொதுக் கூடத்தில்.

இன்றைய கூடம் இணையத்தில் இருக்கிறது. அதற்குச் சொந்தக்காரர் யார்? இத்தொடரைத் தொடங்கிய நிறுவனத்தின் பங்குகள் 2020-இல் ஆஸ்லோ பங்குச் சந்தைக்கு வந்தன. அதில் கார்ல்சனுக்கும் பங்கு உண்டு. நிறுவனத்தின் பெயரிலேயே அவர் பெயர் இருந்தது. ஆடுகிறவரும் அவர், ஆட்டக் கூடத்தில் பங்குதாரரும் அவர். 2022-இல் அந்த நிறுவனத்தை செஸ்.காம் என்ற அமெரிக்க நிறுவனம் ஏறத்தாழ 8 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது. 2024 தொடக்கத்தில் பழைய ஆட்டக் கூடமான செஸ்24 மூடப்பட்டது. தெருவில் இருந்த இரண்டு கடையும் ஒரே முதலாளிக்கு!

ஒரே முதலாளி என்றால் என்ன ஆகும்? 2022 செப்டம்பர் 19-ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். அப்போது நடந்த இணையப் போட்டியில் அமெரிக்க இளைஞர் ஹான்ஸ் நீமனுக்கு எதிராக ஒரே ஒரு நகர்த்தல் ஆடிவிட்டு ஆட்டத்தை விட்டார் கார்ல்சன். நீமன் கம்ப்யூட்டர் உதவியோடு ஆடியிருக்கிறார் என்ற சந்தேகம் கிளம்பியிருந்தது. சிறு வயதில் இணையத்தில் அப்படிச் செய்ததுண்டு என்று அவரே ஒப்புக்கொண்டார். அதற்கு மேல் சொல்லப்பட்டதை மறுத்தார். செஸ்.காம் 72 பக்க அறிக்கை வெளியிட்டது. நீமன் பத்துக் கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 2023 ஜூனில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. ஆகஸ்டில் இரு தரப்பும் சமரசமாயின.

யார் சரி, யார் தவறு என்று தீர்ப்புக் கூற நாம் புறப்படவில்லை. கைப்பேசியிலுள்ள சதுரங்க நிரல் உலகச் சாம்பியனையே தோற்கடிக்கும் காலம் இது. ஏமாற்றைத் தடுக்கக் காவல் வேண்டும். வீட்டிலிருந்து ஆடுகிறவர் முகத்துக்கு நேரே காமிரா இருக்க வேண்டியதுதான். நாம் கேட்பது வேறு. போட்டி நடத்துகிறவரும் அவரே, காவல் காப்பவரும் அவரே, குற்றம் சாட்டுகிறவரும் அவரே, தண்டிக்கிறவரும் அவரே என்றால், குற்றம் சாட்டப்பட்டவர் யாரிடம் போவார்? ஆலைக்குள் விசாரணை என்ற பெயரில் நடப்பதை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2021-இல் இத்தொடரின் ஒரு போட்டிக்கு எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நாணய நிறுவனம் பெயர் கொடுத்தது. பரிசில் ஒரு பகுதி பிட்காயினாகவே தரப்பட்டது. 2022 ஆகஸ்டில் அதே பெயரில் மயாமி நகரில் நேரடியாக நடந்த போட்டியின் கடைசிச் சுற்றில் பிரக்ஞானந்தா கார்ல்சனை வென்று இரண்டாமிடம் பெற்றார். மூன்று மாதம் கழித்து, நவம்பரில், அந்த நிறுவனம் திவாலாயிற்று! அதை நடத்தியவருக்கு 2024 மார்ச்சில் இருபத்தைந்து ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. எத்தனையோ பேருடைய சேமிப்பில் கைவைத்தவர்களின் பெயர், பிள்ளைகள் ஆடிய கோப்பையில் பொறிக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. பொதுக் கூடம் இல்லாத இடத்தில், யார் விளக்கேற்றினாலும் அந்த வெளிச்சத்தில்தானே ஆட வேண்டியிருக்கிறது!

பணம் இன்னும் பெருகிற்று. 2025-இல் பிப்ரவரியிலும் மே மாதத்திலும் நடந்த இணைய விரைவுப் போட்டிகள், சவுதி அரேபியாவின் ரியாத் நகரில் நடந்த மின்விளையாட்டு உலகக் கோப்பைக்குத் தகுதிப் போட்டிகளாயின. அங்கே பரிசு 15 லட்சம் டாலர். ஆளுக்குப் பத்தே நிமிடம்; கூடுதல் விநாடி கிடையாது. ஆகஸ்ட் 1-ஆம் நாள் கார்ல்சன் வென்றார். பரிசு ஏறுகிறது, நிமிடம் குறைகிறது. உற்பத்தியை ஏற்று, நேரத்தைக் குறை என்ற பேச்சைக் கேட்டுப் பழகிய காதுகள் நம்முடையவை.

நாம் கேட்பது

'எல்லாம் சரி, இத்தனை தடையிலும் நம் பிள்ளைகள் வெல்லவில்லையா?' என்பார்கள். வென்றார்கள். 2023 ஆகஸ்டில் பாக்கு நகரில் உலகக் கோப்பையின் இறுதி வரை வந்தார் பிரக்ஞானந்தா. அன்று சீன நள்ளிரவில் அவரை வென்ற அதே டிங் லிரென் 2023-இல் உலகச் சாம்பியன் ஆனார். 2024 டிசம்பர் 12-ஆம் நாள், சிங்கப்பூரில், அதே டிங்கை வென்று உலகச் சாம்பியன் ஆனார் சென்னையின் குகேஷ். சிங்கப்பூர் ஆட்டங்கள் தொடங்கிய நேரம் அங்கே மாலை ஐந்து மணி. சென்னையில் பிற்பகல் இரண்டரை. நேருக்கு நேர், ஒரே மேசையில், ஒரே பொழுதில், இருவருக்கும் ஒரே வெளிச்சத்தில்!

அதுதான் நாம் கேட்பதும். தடையைத் தாண்டியவரைக் காட்டித் தடையை நியாயப்படுத்தாதீர்கள். பத்தடிச் சுவரை ஒருவர் தாண்டிவிட்டார் என்பதற்காகச் சுவர் நல்லதாகிவிடாது. தாண்ட முடியாமல் இந்தப் பக்கமே நின்றுவிட்டவர்களின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை.

நாம் கேட்பது பெரிய காரியமன்று. ஒரு போட்டி ஐரோப்பிய மாலையில் நடந்தால், அடுத்தது ஆசிய மாலையில் நடக்கட்டும். இறுதியாட்டத்தில் இருவரும் ஆசியர் என்றால், அன்றைக்காவது கடிகாரம் கிழக்கே திரும்பட்டும். ஷிப்டு முறை மாறி மாறி வரவேண்டும், ஒருவருக்கே நிரந்தர இரவு ஷிப்டு கூடாது என்பது தொழிற்சங்கத்தின் அரிச்சுவடி. அதை அறுபத்து நான்கு கட்டத்துக்கும் பொருத்தினால் போதும்.

கம்பி அறுந்தால் என்ன செய்வது என்பதற்கு யாருடைய பெருந்தன்மையையும் நம்பாத விதி வேண்டும். குற்றச்சாட்டு எழுந்தால் கூடத்துக்குச் சொந்தக்காரர் அல்லாத நடுவர் விசாரிக்க வேண்டும். நம் ஊரைப் பொறுத்தவரை, ஒவ்வொரு வட்டாரத்திலும் படிப்பகத்தின் ஒரு மூலையில் நான்கு பலகையும், ஒரு கம்ப்யூட்டரும், அறுபடாத இணைப்பும் இருக்க வேண்டும். தால் கழகம் போன்ற ஒரு கூடம் ஓர் ஆனந்தை வளர்க்கத் துணை நின்றதென்றால், நூறு கூடங்கள் எத்தனை பேருக்குத் துணை நிற்கும்! பட்டறைத் தொழிலாளியின் மகளும் அங்கே வந்து உட்காரட்டும். அவளுக்கும் எட்டுச் சிப்பாய்தான்.

தோழர்களே, சதுரங்கத்தில் ஒரு விதி உண்டு. பலகையில் மிகச் சிறியவனான சிப்பாய், ஒவ்வொரு கட்டமாக நடந்து கடைசி வரிசையை எட்டிவிட்டால், அவன் ராணியாகலாம். பின்வாங்க அவனுக்கு உரிமையில்லை, முன்னேறத்தான் உரிமை. நம் பிள்ளைகள் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறார்கள்.

2022 மே 25-ஆம் நாள் காலை, கொஞ்ச நேரத் தூக்கத்தோடு ஒரு பிள்ளை தேர்வெழுதச் சென்றார். அதே காலையில் இரவு ஷிப்டு முடித்த தொழிலாளி, சிவந்த கண்களோடு சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பார். இருவரும் வழியில் ஒருவரையொருவர் கடந்திருந்தால்கூட அடையாளம் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் இருவரும் விழித்திருந்தது ஒரே காரணத்துக்காக. வேறெங்கோ இருப்பவருக்கு வசதியான நேரத்தில் இவர்கள் உழைக்க வேண்டியிருந்தது.

அடுத்த பாடிப் பிள்ளை உலகச் சாம்பியனை வெல்லட்டும். மாலையில் வெல்லட்டும்! வென்றுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்கெல்லாம் படுத்துத் தூங்கட்டும்!